சீழினுள் திராட்சைக் குலை கண்டவர்
சேர் அலெக்சாந்தர் ஒக்ஸ்டன் (1844 – 1929)

இவ்விழா மலருக்குப் பெரியார் ஒருவரின் வரலாற்றை எழுதித் தருமாறு பழைய மாணவர் சங்கத்தார் நம்மைப் பணித்தபொழுது, நாவலர் பெருமானையோ விபுலாநந்த அடிகளையோ பற்றி எழுதுவோம் என்றே அவர்கள் எண்ணியிருத்தல் வேண்டும். தமிழாசிரியரிடத்தில் வேறெதனை எதிர்பார்ப்பது! ஆயின் அவ்விருவர் புகழையும் நம்மினும் நன்கு உரைக்கவல்லார் பலர் உளர். நாம் எடுத்துக்கொண்ட பெரியாரோ நம் மொழியினர் அல்லர்; நம் சமயத்தவரும் அல்லர். ஸ்கொத்லாந்து தேசத்திலே, வடகிழக்குக் கடற்கரையிலுள்ள அபர்டீன் நகரத்திலே பிறந்து அந்நகரத்திலேயே மறைந்த ஒரு சத்திரசிகிச்சை வைத்தியர். நுண்கிருமியியல் கற்றார் யாவர்க்கும் அவர் பெயர் தெரியும். மற்றையோர் அவர் பெயரை அறியாராயினும், அவர் கண்டுபிடித்த கிருமியைத் தம் மூக்கிலும் தோலிலும் சுமந்து திரிகின்றனர். நம்முள் ஏறத்தாழ மூவருக்கு ஒருவர் மூக்கினுள் அது எந்நேரமும் குடியிருக்கின்றது என்பர்.

இவரை ஏன் எடுத்துக்கொண்டோம் என்பதற்கு ஒரு காரணம் உண்டு. எம்பிலிப்பிட்டியவிலிருந்து பெல்மதுளைப் பாதையில் வடக்கு நோக்கிச் செல்வோர், வளவை கங்கையின் நீர் பாயும் வயல்களும் வாழைத் தோட்டங்களும் பின்னே நிற்க, கொடகவெல, கஹவத்தை என ஊர்கள் வரவர றப்பர் மரங்களையும் தேயிலை மலைகளையும் காண்பர். அம்மலைகளில் ஒன்றன் லயத்திலேதான் நாம் பிறந்தோம். நமக்கு ஒன்பது வயதாயிருக்கையில், நம்மிலும் இரண்டு வயது இளையவனான தம்பி லயத்துக் கானிலே விழுந்து முழங்காலைச் சிராய்த்துக்கொண்டான். சிராய்ப்பு நான்கு நாளில் உலர்ந்தது. ஒரு கிழமை சென்றபின் காய்ச்சலும், கணைக்கால் எலும்பிலே தொடப்பொறாத வலியும் வந்தன. சுளுக்கு என்று எண்ணி அம்மா எண்ணெய் தடவினார். கால் வீங்கிச் சிவந்தபோது அரிசிமாக் களி கிண்டி, மஞ்சள் கூட்டி, சுடச்சுட வைத்துக் கட்டினார். ஆறாம் நாள் கட்டி உடைந்து சீழ் வடிந்தது. கெட்ட நீர் எல்லாம் வெளியேறிவிட்டது, இனிப் பயமில்லை என்று லயம் முழுவதும் ஆறுதல் கொண்டது.

அவ்வாறுதல் பொய்யாயிற்று. சீழ் மாதக்கணக்கில் வடிந்தது. புண்வாயினூடே எலும்புத் துணுக்கு ஒன்று வெளிவந்த பின்னரே அவனைப் பெரிய ஆசுபத்திரிக்குக் கொண்டுசென்றனர். உயிர் தப்பினான். ஒரு கால் மற்றைக்காலினும் சிறுத்துவிட்டது. நாற்பது வயதைக் கடந்த இன்றும் சற்றுச் சாய்ந்தே நடக்கின்றான். சீழ் வருதல் நல்லதோர் அறிகுறி என்ற எண்ணம் நம் லயத்தார்க்கு மட்டும் உரியதன்று. நூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன்னர் ஐரோப்பாவின் பேரறிஞரான சத்திர வைத்தியரும் அவ்வாறே எண்ணினர். கட்டியான வெண்சீழைப் போற்றத்தக்க சீழ் என்றே அவர்கள் நூல்களில் எழுதிவைத்தனர். அவ்வெண்ணத்தை வேரோடு அகழ்ந்தவர்களுள் தலையாயவர் ஒக்ஸ்டன்.

அவர் 1844ஆம் ஆண்டு ஏப்ரில் மாதம் 19ஆந் திகதி பிறந்தார். தந்தையாரும் வைத்தியரே, அபர்டீன் பல்கலைக்கழகத்தில் சட்டமருத்துவம் போதித்த பேராசிரியர். மகனும் அங்கேயே கற்று 1865இல் பட்டம் பெற்றார். படிப்பினிடையே வியன்னா, பிராக், பேர்லின் முதலிய நகரங்களுக்குச் சென்று அங்குள்ள வைத்தியசாலைகளைப் பார்த்துவந்தார். அப்பயணத்திலே ஜேர்மன் மொழியில் அவர் பெற்ற பழக்கம் பிற்காலத்தில் எவ்வளவு பயன்பட்டது என்பதைப் பின்னர்க் காண்போம். அவ்வாண்டே அதே பல்கலைக்கழகத்திலே பட்டம் பெற்ற மற்றொருவர் பற்றிக் மான்சன். யானைக்கால் நோய்க்குரிய புழு நுளம்பினுள்ளே வளர்வதைக் கண்டறிந்தவர் அவரே. இருவரும் 1844இலேயே பிறந்தவர்கள். ஒரு சிறு கல்லூரி ஒரே ஆண்டில் இத்தகைய இருவரை ஈன்றதென்றால், அதன் பழைய மாணவர் சங்கம் எத்துணை செருக்குக் கொண்டிருக்கும்!

இளம் வைத்தியராக ஒக்ஸ்டன் அபர்டீன் வைத்தியசாலையிற் புகுந்த காலம், சத்திரசிகிச்சையைக் கண்டு வைத்தியரே அஞ்சிய காலம். குளோரபோம் வந்துவிட்டது, நோவின்றி அறுக்கலாம். ஆயினும் அறுத்த புண் சீழ்ப்பிடிப்பதை எவராலும் தடுக்க முடியவில்லை. அறுவை நன்கு முடிந்தது என்பர்; பத்தாம் நாள் நோயாளி காய்ச்சலுற்று நடுங்கி இறப்பார். வைத்தியர் முந்திய நோயாளியின் சீழ் தோய்ந்த பழைய மேற்சட்டையையே மீண்டும் அணிந்து அடுத்தவரை அறுப்பார். வைத்தியசாலையின் கெட்ட காற்றே காரணம் என்று சிலரும், உடம்பினுள்ளேயிருந்து தானாகவே சீழ் பிறக்கின்றது என்று வேறு சிலரும் சொல்லி அமைந்தனர்.

1867ஆம் ஆண்டிலே கிளாஸ்கோ நகரத்து யோசேப்பு லிஸ்டர், காபோலிக் அமிலத்தால் புண்ணைக் கழுவிக் கட்டினால் சீழ்ப்பிடியாது என்று எழுதி வெளியிட்டார். அவ்வாண்டைக் குறிக்கும்பொழுது நமக்கு வேறு இரண்டு செய்திகளும் நினைவுக்கு வருகின்றன. அபர்டீனுக்குத் தெற்கேயுள்ள கின்கார்டின் பகுதியிலிருந்து இலங்கைக்கு வந்த ஜேம்ஸ் டெய்லர் என்பார், கண்டிக்கு அண்மையிலுள்ள லூல்கந்துர தோட்டத்தில் வியாபாரப் பயிராகத் தேயிலையை நட்டது 1867இல். மானிப்பாயில் அமெரிக்க வைத்தியர் சாமுவேல் கிறீன், சத்திரசிகிச்சை நூலொன்றனை ‘இரண வைத்தியம்’ என்னும் பெயராற் தமிழிலே வெளியிட்டதும் 1867இல். ஒரே ஆண்டில் ஓரிடத்தில் நம் முன்னோர் கையிற் கவ்வாத்துக் கத்தியைக் கொடுக்கும் பயிர் ஊன்றப்பட்டது. ஓரிடத்தில் அக்கத்தி பட்ட புண்ணை ஆற்றும் நூல் தமிழிலே வந்தது. மற்றோரிடத்தில் புண் ஏன் ஆறுவதில்லை என்னும் வினாவுக்குப் பாதி விடை கிடைத்தது.

லிஸ்டரின் முறையை நேரிற் காணும் பொருட்டு ஒக்ஸ்டன் கிளாஸ்கோவுக்குச் சென்றார். முழங்கால் மூட்டையே திறந்து அறுத்தும் சீழ் இல்லை, காய்ச்சல் இல்லை என்பதைக் கண்ணாற் கண்டார். அன்றே அவர் மனம் மாறிற்று. ஊருக்குத் திரும்பிக் காபோலிக் அமிலத்தை நீராவியோடு தூவும் பொறியைத் தம் அறுவைக்கூடத்திற் கொணர்ந்து நிறுத்தினார். அமிலத் தூவலில் வைத்தியர், உதவியாளர், நோயாளி யாவரும் நனைந்தனர். கண் எரிந்தது, கை வெடித்தது. மாணாக்கர் இதனை நகையாடிப் பாட்டுக்கட்டிப் பாடினர். மாணாக்கர் எந்நாட்டிலும் மாணாக்கரே. ஆயின் அவ்வறையில் அறுக்கப்பட்டவர்கள் வீடு திரும்பினர் என்பதை எவரும் மறுக்க முடியவில்லை. எலும்பையும் மூட்டையும் அஞ்சாது திறக்கும் துணிவும் இதனாலேயே ஒக்ஸ்டனுக்கு வந்தது. முழங்கால்கள் உட்புறமாக வளைந்து ஒன்றோடொன்று முட்டும் குறையை நிமிர்த்த அவர் வகுத்த அறுவை முறை அவர் பெயராலேயே வழங்கிற்று.

இடையில் வீட்டிலே துயரும் வந்தது. 1867இல் மணந்த மனைவியார் நான்கு குழந்தைகளை விட்டு 1873இல் இறந்தார். 1877இல் மறுமணம் செய்துகொண்டார்.

இனி அவருடைய வாழ்வின் நடுநாயகமான பகுதிக்கு வருவோம். லிஸ்டரின் முறை பயன்தருகின்றது. ஆயின் அவ்வமிலம் எதனைக் கொல்கின்றது? கிருமியை என்று லிஸ்டர் கூறினார். எந்தக் கிருமியை? பற்பல வடிவங் கொண்ட சிற்றுயிர்கள் புண்களிற் காணப்பட்டன. அவை யாவும் ஒரே உயிரின் வெவ்வேறு கோலங்கள் என்று வியன்னாவின் பில்ரோத் எழுதியிருந்தார். சீழ் பிடித்தமையாற் கிருமி வந்ததா, கிருமி வந்தமையாற் சீழ் பிடித்ததா என்பதும் தெளிவாகவில்லை. இவ்வினாக்கள் ஒக்ஸ்டனை விடாது தொடர்ந்தன.

1880க்குச் சற்று முன்னர், காலிலே கடுங்கட்டியோடு ஒரு நோயாளி அவரிடம் வந்தார். கட்டி உடையவில்லை, வெளிக்காற்றுப் படாதது. அதனைத் திறந்து எடுத்த சீழில் ஒரு துளியை ஒக்ஸ்டன் தம் நுணுக்குக்காட்டியின் கீழ் வைத்துப் பார்த்தார். அளவிறந்த சிறு உருண்டைகள் அதிலே செறிந்து கிடந்தன. சில மணிமாலை போலக் கோத்து நின்றன. பல கொத்துக் கொத்தாகத் திரண்டிருந்தன. வாய் திறவாத கட்டியினுள்ளே இவை இருக்குமாயின், சீழ் பிடித்தபின் காற்றிலிருந்து வந்து விழுந்தவை அல்ல என்பது வெளிப்படை. தாம் கண்ட காட்சியின் அழகை அவர் பின்னாளில் மகிழ்ந்து நினைவுகூர்ந்தார். சீழிலே அழகு காண்பதற்கும் ஒரு மனம் வேண்டும்போலும்!

ஒரு காட்சியைக் கண்டு முடிவுகட்டுபவரல்லர் அவர். பிரித்தானிய வைத்திய சங்கத்தினரிடம் ஆராய்ச்சிக்கென 50 பவுண் உதவிப்பணம் பெற்றார். பல்கலைக்கழகத்தில் அதற்கென இடமில்லாமையால், தம் வீட்டுத் தோட்டத்திலே சிறு ஆய்வுகூடம் ஒன்றை அமைத்துக்கொண்டார். ஜேர்மனியில் அக்காலத்தில் கொக் என்னும் அறிஞர், ஊதாச் சாயம் ஊட்டினால் கிருமி தெளிவாகத் தோன்றும் என்று காட்டியிருந்தார். அச்சாயத்தையும், ஜேர்மனியில் செய்த சிறந்த நுணுக்குக்காட்டியையும் ஒக்ஸ்டன் வருவித்தார். பகலில் வைத்தியசாலை, எஞ்சிய நேரத்தில் தோட்டத்து ஆய்வுகூடம்.

கட்டி கட்டியாக ஆராய்ந்தார். சூடும் சிவப்பும் வலியும் உடைய கடுங்கட்டிகள் எல்லாவற்றிலும் அவ்வுருண்டைகள் இருந்தன. சயரோகத்தால் வரும், சூடும் வலியுமற்ற குளிர்கட்டிகளில் அவை இல்லை. அச்சீழிற் சிறிது எலிக்கும் பன்றியெலிக்கும் ஊசியாற் செலுத்தினார்; அவற்றுக்கும் கட்டி வந்தது; அக்கட்டியிலும் அவ்வுருண்டைகள் பெருகியிருந்தன. அதே சீழைச் சூடாக்கிச் செலுத்தினால், அல்லது காபோலிக் அமிலம் கலந்து செலுத்தினால், கட்டி வரவில்லை. குளிர்கட்டியின் சீழும் தீங்கு செய்யவில்லை. ஆகவே தீங்கு செய்வது சீழ் அன்று; சீழினுள்ளிருக்கும் உயிர். அவ்வுயிரை உடம்புக்கு வெளியே வளர்க்க விரும்பியபோது அவர் கையாண்ட உபாயம் சுவையானது. புதிய கோழிமுட்டையிலே சிறு துளையிட்டு, ஒரு துளிச் சீழை உட்செலுத்தி, துளையை மூடி இளஞ்சூட்டில் வைத்தார். முட்டைக்குள்ளே கிருமி தழைத்தது. இக்காலத்து ஆய்வுகூடங்களிற் காணும் கண்ணாடித் தட்டுகளும் கூழும் அன்று அவர்க்கு இல்லை. அடுக்களையில் முட்டை இருந்தது.

1880 ஏப்ரில் 9ஆந் திகதி பேர்லின் நகரிற் கூடிய ஜேர்மன் சத்திரவைத்தியர் மாநாட்டிலே ஒக்ஸ்டன் இவற்றையெல்லாம் எடுத்துரைத்தார். கட்டுரையும் ஜேர்மன் மொழியிலேயே வெளிவந்தது. அம்மண்டபத்திலிருந்தோர் அவர் கூற்றை மதித்துக் கேட்டனர். தாய்நாட்டிலோ வரவேற்பு வேறாயிருந்தது. வடகோடி ஊரொன்றிலே தோட்டத்துக் கொட்டகையில் இருந்து ஒருவர் சொல்வதை இலண்டன் பெரியோர் எளிதில் ஏற்பரோ? லிஸ்டரைச் சார்ந்தோரே மறுத்தனர். அமிலத்தாற் கழுவிக் கட்டி நன்றாக ஆறிவரும் புண்ணிலும் இத்தகைய உருண்டைகள் காணப்படுதலால், அவை தீங்கற்றவை என்பது அவர்கள் வாதம். அதனை வெறும் பிடிவாதம் என்று தள்ளுதல் நேர்மையன்று. தோலில் வாழும் அக்குலத்துக் கிருமிகளுள் சாதுவானவையும் உண்டு என்பது பின்னரே தெரிந்தது. இரு சாராரும் தாம் கண்டதையே கூறினர், கண்டவை இரண்டாயிருந்தன. பிரான்சின் பாஸ்தர் 1880இலேயே கட்டியிலும் எலும்புச் சீழிலும் இக்கொத்துகளைத் தாமும் கண்டு வெளியிட்டமை ஒக்ஸ்டனுக்குத் துணையாயிற்று.

இங்கே ஒரு தமிழாசிரியனுக்கு மகிழ்ச்சி தரும் செய்தி ஒன்று உண்டு. மாலைபோற் கோத்து நிற்கும் உருண்டைகளுக்கு ‘ஸ்ட்ரெப்டோகொக்கஸ்’ என்ற பெயரைப் பில்ரோத் முன்னமே இட்டிருந்தார். கொத்தாக நிற்பனவற்றுக்குப் பெயர் இல்லை. ஒக்ஸ்டன் எவரிடம் சென்றார்? வைத்தியரிடமன்று, தம் பல்கலைக்கழகத்திலே கிரேக்க மொழி கற்பித்த பேராசிரியர் வில்லியம் கெட்டிஸ் என்பாரிடம். அவர் காதாற் கேட்ட அளவிலே, கிரேக்கத்தில் திராட்சைக் குலையைக் குறிக்கும் ‘ஸ்டபிலே’ என்னும் சொல்லையும், மணியைக் குறிக்கும் ‘கொக்கொஸ்’ என்னும் சொல்லையும் புணர்த்து ‘ஸ்டபிலோகொக்கஸ்’ என்று பெயர் வைத்தார். 1882இல் ஒக்ஸ்டன் எழுதிய கட்டுரையிலே அப்பெயர் அரங்கேறிற்று. உலகத்து வைத்தியசாலைகள் யாவற்றிலும் நாள்தோறும் ஒலிக்கும் ஒரு சொல்லை ஆக்கியவர் மொழியாசிரியர் ஒருவர். விஞ்ஞான பாடசாலைக் கட்டடங்களைக் கண்டு நாம் சிலவேளை மனங் குன்றுவதுண்டு. அப்பொழுதெல்லாம் கெட்டிஸ் பேராசிரியரை நினைந்துகொள்வோம். இரண்டாண்டு கழித்து ஜேர்மன் சத்திரவைத்தியர் ரோசன்பாக் அக்கிருமியைத் தனித்து வளர்த்து, பொன்னிறமாகப் படர்வது ஒன்று, வெண்ணிறமாகப் படர்வது ஒன்று என இரு வகை கண்டார். கொடியது பொன்னிறத்தது.

அப்பொன்னிறக் கிருமி செய்யும் கேடுகளை இங்கே சிறிது கூறாது விடல் தகாது. அதன் குறுக்களவு ஒரு மில்லிமீற்றரின் ஆயிரத்தில் ஒரு பங்கு. தோல் அறாதவரை பெரும்பாலும் சும்மா இருக்கும். முள் கீறினால், நுளம்புக் கடியைச் சிறுவர் நகத்தாற் சொறிந்தால், கொழுந்து பறிப்பவர் விரல் வெடித்தால், அந்த வாயில் வழியே புகும். கண்கட்டி, சிறுவர் முகத்துப் பொருக்குப் புண், பால்கொடுக்கும் தாயின் மார்புக்கட்டி, நீரிழிவுடையார் முதுகில் வரும் பிளவை ஆகிய யாவும் பெரும்பாலும் அதன் செயலே. இவை கண்ணுக்குத் தெரிவன. இரத்தத்திற் கலந்து எலும்பிலே தங்கினால் சிறுவர் காலை முடமாக்கும். இருதயத்தின் கதவங்களிலே படிந்தால் அவற்றை அரிக்கும். சளிச்சுரத்துக்குப் பின்னே நுரையீரலைப் பற்றினால் இளைஞரையும் சில நாளிற் கொல்லும். சமைத்த உணவைக் கட்டியுள்ள கையாற் தொட்டு, வெயிற் காலத்திலே மூடிவைத்தால், அது உணவிலே நஞ்சு உமிழும். மீண்டும் கொதிக்கவைத்தால் கிருமி சாகும், நஞ்சு சாகாது. எம்பிலிப்பிட்டிய வெப்பத்திலே கலியாண வீட்டுச் சோற்றுப் பொதியை மாலைவரை வைத்திருந்து உண்பார் இதனைக் கருத்திற் கொள்க.

ஒக்ஸ்டனின் வரலாற்றுக்கு மீள்வோம். 1882இலே அபர்டீன் பல்கலைக்கழகத்துச் சத்திரசிகிச்சைப் பேராசிரியர் பதவி அவரை வந்தடைந்தது; 1909 வரை அதனை வகித்தார். கிருமியாராய்ச்சியை அதன்பின் அவர் பெரிதும் தொடரவில்லை. பதவியின் சுமை காரணமோ, மறுப்புரைகளால் வந்த கசப்புக் காரணமோ, நாம் தீர்ப்புக் கூறமாட்டோம். அவர் உள்ளம் வேறொன்றிலே சென்றது. போர்க்களத்திலே காயம்பட்ட சிப்பாய் குண்டாற் சாவதிலும் சீழாலும் காய்ச்சலாலும் சாவதே மிகுதி என்பதை அவர் கண்டார். 1885இல் சூடான் கடற்கரையிலுள்ள சுவாக்கின் போர்முனைக்குத் தாமே சென்றார். பிரித்தானியப் படையின் வைத்தியப் பகுதி எவ்வளவு பின்தங்கியிருந்தது என்பதை அஞ்சாது எடுத்துக்கூறினார். அதிகாரிகளுக்கு அது இனிக்கவில்லை. 1898இல் படைக்கெனத் தனி வைத்தியப் பிரிவு அமைக்கப்பட்டது. அதற்காகக் குரல்கொடுத்தோருள் அவரும் ஒருவர். 55 வயதைக் கடந்தபின் தென்னாபிரிக்கப் போருக்கும் சென்றார்.

1892இல் விக்டோரியா மகாராணியாரின் ஸ்கொத்லாந்துச் சத்திரவைத்தியராக நியமனம் பெற்றார். 1912இல் சேர் பட்டம் வந்தது. 1914இல் பிரித்தானிய வைத்திய சங்கம் அபர்டீனிற் கூடியபோது தலைமை தாங்கினார். முன்னர் அவர் கூற்றை ஐயுற்றோர் நிறைந்த சபை அது. முதல் உலகப்போர் மூண்டபோது வயது எழுபது. ஓய்ந்திருப்பாரென்று யாரும் எண்ணுவர். அவரோ சேர்பியாவுக்கும், பின்னர் இத்தாலியப் போர்முனைக்கும் சென்று காயம்பட்டோருக்குச் சிகிச்சை செய்தார். அச்சமின்மை அக்குடும்பத்தின் சொத்துப்போலும். அவர் மகளார் ஹெலன், பெண்களுக்கு வாக்குரிமை வேண்டிப் போராடியவர். 1908இல் இலண்டன் அல்பேட் மண்டபத்திலே அமைச்சரின் கூட்டத்திற் குரலெழுப்பி, தம்மை வெளியேற்ற வந்தோரைச் சவுக்காலே எதிர்த்துப் பத்திரிகைகளில் இடம்பெற்றார்.

1928 செத்தெம்பரிலே, இலண்டன் மாநகரத்துச் சென் மேரீஸ் வைத்தியசாலையில் அலெக்சாந்தர் பிளெமிங் என்பார் ஒரு கண்ணாடித் தட்டை நோக்கி நின்றார். அதிலே பூஞ்சணம் விழுந்திருந்தது. அதனைச் சூழ, தட்டில் வளர்ந்திருந்த கிருமி கரைந்துபோயிருந்தது. அக்கிருமி ஒக்ஸ்டன் கண்டு பெயரிட்ட ஸ்டபிலோகொக்கஸே. அடுத்த ஆண்டு யூன் மாதத்திலே பிளெமிங் தம் கட்டுரையை வெளியிட்டார். ஒக்ஸ்டன் அதனைக் காணவில்லை. 1929 பெப்ருவரி 1ஆந் திகதி, தம் 84ஆவது வயதிலே அவர் மறைந்தார். தாம் நுணுக்குக்காட்டியிற் கண்ட பகைவனை வெல்லும் படைக்கலம் பிறந்துவிட்டது என்பதை அறியாமலே சென்றார்.

அப்படைக்கலத்தின் கதையும் நேராக ஓடவில்லை. 1941இல் ஒக்ஸ்பேட்டிலே, முகமெங்கும் சீழ்க்கட்டி பரவி ஒரு கண்ணையும் இழந்திருந்த பொலிஸ் உத்தியோகத்தர் ஒருவர்க்குப் பெனிசிலின் சிகிச்சையாகக் கொடுக்கப்பட்டது. நாலைந்து நாளில் வியக்கத்தக்க குணம் கண்டது. மருந்து தீர்ந்தது, அவருடைய சிறுநீரிலிருந்து மருந்தைப் பிரித்தெடுத்து மீண்டும் கொடுத்தனர், அதுவும் தீர்ந்தது, அவர் இறந்தார். பின்னர் மருந்து மலிந்தது. மலிந்தவுடனே கிருமி அதனை முறிக்கும் நொதியத்தை உடையதாய்ப் பெருகிற்று. அதற்கும் மாற்றாக மெதிசிலின் என்னும் மருந்து 1959இல் ஆக்கப்பட்டது. 1961இலேயே அதற்கும் அடங்காத கிருமி இங்கிலாந்திற் காணப்பட்டது. இன்று நம் நாட்டு வைத்தியசாலைகளிலும் அது உண்டு. பொன்னிறக் கிருமியோடு தொடர்புடைய சாவுகள் 2019இல் உலகெங்கும் பத்து இலட்சத்துக்கு மேற்பட்டவை என 2022இல் வெளிவந்த ஆய்வு கணக்கிட்டது. காய்ச்சல் ஒவ்வொன்றுக்கும் கடையில் இரண்டு குளிசை வாங்கி விழுங்கி, நோவு தணிந்ததும் நிறுத்திவிடும் நம் வழக்கம் அக்கிருமிக்கு நாமே அளிக்கும் பயிற்சி. இதனைச் சொல்வதற்குத் தமிழாசிரியன் எதற்கு என்று கேட்பார் உளராயின், தம்பியின் காலைக் காட்டுவோம்.

சென்ற ஆண்டு நம் வகுப்பு மாணவன் ஒருவன் இரண்டு நாள் நொண்டி நடந்தான். பந்தடிக்கையில் விழுந்ததாகக் கூறினான். தொட்டுப் பார்த்தோம், கணைக்கால் கொதித்தது, உடம்பும் கொதித்தது. தாயாரை அழைத்துச் சொன்னபோது, பத்துப் போட்டிருப்பதாகவும் பழுத்தவுடன் உடைந்துவிடும் என்றும் கூறினார். நாம் கேட்கவில்லை. அன்று பிற்பகலே முச்சக்கரவண்டியில் ஏற்றி அரசினர் வைத்தியசாலைக்குக் கொண்டுசென்றோம். வைத்தியர் கட்டியைத் திறந்து, சீழில் ஒரு துளியைப் பஞ்சுமுனையில் எடுத்து ஆய்வுகூடத்துக்கு அனுப்பினார். நாம் அங்கே பல காலமாக அறிந்த ஊழியர் ஒருவர் அதனை நமக்கும் காட்டினார். இன்றும் அதே ஊதாச் சாயந்தான். கண்ணாடியின் கீழே, ஊதா நிறத் திராட்சைக் குலைகள் கொத்துக் கொத்தாகத் தொங்கின. அழகாகவே இருந்தன. எம்மருந்துக்கு அது அடங்கும் என்ற அறிக்கை மூன்றாம் நாள் வந்தது; வைத்தியர் முதலிற் கொடுத்த மருந்தை மாற்றினார். பையன் ஆறு கிழமை மருந்து கொண்டான். இப்பொழுது இரு காலும் ஒப்ப ஓடுகின்றான். இலக்கணப் பாடத்துக்கு மட்டும் சற்றுப் பிந்தி வருகின்றான்.